பெயர் எழுதாத கட்டங்கள்

மார்ச் 4

அன்புத் தம்பி வாலுவுக்கு,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ வந்து எட்டிப் பார்க்கவில்லை என்ற வலிதான் பெரிது. போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிப்போம் என்பதால் எழுதுகிறேன்.

நம் லிஃப்ட் கம்பெனியின் எல்லாக் கிளைகளையும் மாற்றி அமைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்த வேலை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கட்டம் வரைய வேண்டும். முதலில் கட்டங்கள் மட்டும்தான். பெயர்களை எழுதுவது கடைசியில். பெயரை முதலில் எழுதினால் முகம் நினைவுக்கு வந்துவிடும், அப்புறம் கை ஓடாது.

ஒவ்வொரு கிளையிலும் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வரைகிறேன். உன் கிளைக்கு மட்டும் வரமாட்டேன். தம்பிக்கு இடம்பிடித்துக் கொடுக்க அக்கா வந்தாள் என்று வாய் கூசாமல் சொல்வார்கள். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். "உங்க நேர்மை மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா" என்றார். ஆகவே உன் அறையில் வேலை எப்படி நடக்கிறது என்று எழுதி அனுப்பு. வழக்கமான பீற்றலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

பீற்றலைக் குறைத்தால் நான் உன் தம்பியே இல்லை.

எங்கள் புகார் அறையில் ஐந்து பேர். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் இங்கேதான் போன் வரும். எடுத்தவர் தைரியம் சொல்லி, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். மற்ற கிளைகளில் மணிக்கணக்காகும் வேலை இங்கே காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஐந்து பேரும் சிங்கங்கள்! நான் சூப்பர்வைசர் என்று பெயருக்கு ஒரு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஒரு குறையும் இல்லாமல் வேலை தன்பாட்டுக்கு ஓடியது.

இதைத் தலைமை அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டு. என் தம்பி வளர்த்த அறை என்று சொல்லிக்கொள். சின்ன வயதிலிருந்து உன்னிடம் நல்ல பேர் வாங்க எனக்கு இது ஒன்றுதான் கிடைத்திருக்கிறது.

அம்மாவை அடுத்த மாதம் வந்து பார்க்கிறேன்.

உன்
வாலு

மே 6

அன்புத் தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய அமைப்பில் உன் கிளையின் புகார் அறைக்கு சூப்பர்வைசர் இல்லை. அந்த ஐந்து பேர் இருப்பார்கள். உனக்கு உதிரிபாகக் கிடங்கில் இடம். சம்பளம் குறையாது, அதற்கு மட்டும் போராடினேன்.

அறை தானாக ஓடுகிறது என்று நீயே எழுதினாய். அதைப் படித்த பிறகும் அந்தக் கட்டத்தை விட்டுவைத்தால் எதற்கு என்று கேட்பார்கள். தம்பி என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருந்திருக்காது. கோபமாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

மே 19

அக்கா,

உத்தரவு வந்த அன்று அறையில் ஒரு பெண், "சார், இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது உங்க அக்காதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லாரும் அவரவர் போனுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

என் வாயால்தான் கெட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசாரித்துப் பார்த்தேன். மற்ற கிளை சூப்பர்வைசர்களும் என்னைப் போலவே அளந்திருக்கிறார்கள். நீ அங்கெல்லாம் போய் உட்கார்ந்தாய், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தாய், அவர்கள் பதவி தப்பியது. என் பேச்சை மட்டும் அப்படியே நம்பிவிட்டாய். நான் பீற்றுவேன் என்று இந்த உலகத்தில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

நான் சலுகை கேட்கவில்லை. முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்ததைக் கொடுத்திருக்கலாம்.

கிடங்கில் சேர்ந்துவிட்டேன்.

தம்பி

ஆகஸ்ட் 21

என் அன்புத் தம்பிக்கு,

மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதையாவது படி.

போன வாரம் உன் பழைய அறைக்கு ஒரு பெரியவர் லிஃப்டிலிருந்து போன் செய்திருக்கிறார். ஒருவர் எடுத்து, இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மெக்கானிக்கை அனுப்பிவிட்டார் என்று இவரும், இவரே அனுப்பியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். காலையில் மாட்டியவரை மதியத்துக்கு மேல்தான் வெளியே எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகுதான் உன் அறையில் போய் உட்கார்ந்தேன். "சார் இருந்தா, இதுக்கு நீ, அதுக்கு நீன்னு ஒரு குரல் வந்துக்கிட்டே இருக்கும் மேடம்" என்றார்கள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் போனில் அந்தக் குரல் ஓயவில்லையாமே. பாவி, அதை ஏன் எழுதாமல் விட்டாய்?

இல்லை, உன்னைக் கேட்பது தப்பு. நான்தான் வந்திருக்க வேண்டும். என் பெயரில் கறை படக்கூடாது என்று ஒதுங்கி நின்றுகொண்டு, அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் பதவியை மறுபடி சேர்த்தாயிற்று. முதலாளியும் சம்மதித்துவிட்டார். இந்தக் கட்டத்தில் உன் பெயரைத்தான் முதலில் எழுதினேன். வேலைக்கு வா. அதற்கு முன்னால் வீட்டுக்கு வா. அம்மா தினமும் கேட்கிறாள், நான் தினமும் ஒரு பொய் சொல்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன்
அக்கா

ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் வேலையைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

லிஃப்டில் மாட்டுகிறவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அதனால் திங்கட்கிழமை முதல் புகார் அறைப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவிடம் நானே போனில் பேசிக்கொள்கிறேன்.

இனி நீங்கள் அறையைப் பார்வையிட வருவதானால், மற்ற கிளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போவதைப் போலவே எங்களுக்கும் முன்கூட்டித் தெரிவிக்கவும். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர்,
புகார் அறை