பின்னட்டையில் ஏழு பெயர்

பிப்ரவரி 9, ஞாயிறு

மைனஸ் முப்பத்தொன்று. குழாய் உறைந்துவிட்டது. அம்மாவுக்குத் திட்ட நான்தான் கிடைத்தேன்.

யெர்னாருடன் பழகி இன்றோடு நான்கு மாதம். பழக்கம் என்றால், நூலகத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடப்பது. கையுறையோடு கை பிடித்தது இரண்டு முறை. இதற்கே தெருவில் சிலருக்கு வயிறு எரிகிறது.

எங்கள் மேல் தப்பில்லை. முதல் வாரமே ஏழு தலைமுறைப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டோம். அப்பா வழி ஏழு பேரில் ஒரு பெயர் பொதுவாக வந்தாலும் அண்ணன் தங்கைதான், அதற்கு மேல் பேச்சே இல்லை. அவன் குலம் வேறு, என் குலம் வேறு. இந்தக் குறிப்பேட்டின் பின்னட்டையில் அவனே தன் ஏழு பெயரையும் கோழிக் கிறுக்கலில் எழுதித் தந்திருக்கிறான். என்னுடைய ஏழையும் ஐந்து வயதிலேயே ஒப்பித்து மிட்டாய் வாங்கியவள் நான்.

பிறகு எதற்குப் பயம்? அப்பாவிடம் சொல்ல வேண்டுமே.

பிப்ரவரி 11

குராலை அண்ணியிடம் சொன்னேன். இதெல்லாம் அண்ணி வழியாக அம்மாவுக்கும், அம்மா வழியாக அப்பாவுக்கும் போவதுதான் வழக்கம். அண்ணி மாவு பிசைந்துகொண்டே சிரித்தாள். "அடி செல்லச் சீமாட்டி! பூனை மாதிரி இருந்துக்கிட்டு... சரி, தூது போனா எனக்கு என்ன தருவே?" புகுந்த வீட்டார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் நான் அவளுக்கு எப்போதும் செல்லச் சீமாட்டிதான்.

பிப்ரவரி 13

அம்மா: "பதினேழு வயசுல உனக்கு என்னடி அவசரம்? நாலு பேர் என்ன சொல்லுவாங்க? அப்பா ரயில்லேருந்து வரட்டும், அவர் காதுல போட்டேன்னு வை..."

போட மாட்டாள். அம்மாவுக்கே அப்பாவிடம் இதைப் பேசப் பயம். என் செல்பேசி அம்மாவின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. இனி ஒளிந்து ஒளிந்து பழகுவதா? எனக்கு அது பிடிக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அடித்தால் அடிக்கட்டும்.

பிப்ரவரி 16

அப்பா வந்தார். பதினைந்து நாள் ரயில் பெட்டியில் பயணிகளுக்குத் தேநீர் ஊற்றிய களைப்பு. இன்று வேண்டாம்.

பிப்ரவரி 17

இன்றும் முடியவில்லை. கோழை.

பிப்ரவரி 19

சொல்லிவிட்டேன்.

முற்றத்தில் இருவரும் பனி தள்ளிக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

"அப்பா, எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு. வேற யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் நானே சொல்றேன்."

அப்பாவின் கை நின்றது. "உன்கிட்ட மரியாதையா நடந்துக்கிறானா?"

முதலில் இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. தலையாட்டினேன். "குலம் வேறப்பா. ஏழு பேரும் பார்த்தாச்சு."

"அங்கதாம்மா சிக்கல்."

பிறகு அப்பா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "நீ ஒப்பிக்கிற ஏழுல முதல் மூணுதான் நம்ம ரத்தம். நான், உங்க தாத்தா காசென், அவரோட அப்பா மாதி. மாதி, பஞ்ச வருஷத்துல ரயில் நிலையத்துல கிடந்த அஞ்சு வயசுப் பிள்ளை. எடுத்து வளர்த்தவங்க தங்க குலத்தையும் தங்க பாட்டன்மார் பேரையும் கொடுத்தாங்க. அவங்களுக்கு மனசு நோகக் கூடாதுன்னு வெளியே சொல்றதில்லை. உங்கம்மாவைப் பிடிச்சிருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்ன அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கு மூணு பேர் மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அவனோட அப்பா ஷோக்பர், அவரோட அப்பா எலெமெஸ், அவரோட அப்பா தாய்தெலி. பையன்கிட்ட கேளு. இந்தப் பேருங்க அவன்கிட்ட இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வா, டீ குடிக்கட்டும்."

டீ குடிக்கட்டும்! என் அப்பாவா சொன்னார்?

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அறைக்கு வந்து பின்னட்டையைத் திருப்பினேன். ஷோக்பர், எலெமெஸ், தாய்தெலி. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது.

பிப்ரவரி 20

"கேட்டியாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

பின்னட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டால் போதும். நான் சொன்னால்தானே தெரியும்?

பிப்ரவரி 23

யெர்னார் நூலக வாசலில் நின்றான். "என்ன, உங்கப்பா கோடாரி தீட்டுறாரா?" என்று சிரித்தான். கையுறை தொலைந்துவிட்டது என்று சொல்லி, கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தேன். பொய் எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு.

மூன்று பெயரும் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம் இல்லையா? அதனால் கேட்டேன், பஞ்சத்தில் அவர்கள் வீட்டில் யாராவது தொலைந்தார்களா என்று.

"கொள்ளுத்தாத்தாவோட தம்பி. ரயில் நிலையத்துல உட்கார வெச்சிட்டு ரொட்டி தேடிப் போனாராம். திரும்பி வந்தா ஆளைக் காணோம். மாதின்னு பேரு. இப்பவும் நவ்ரூஸ் புதுவருஷத்து அன்னிக்கு அவருக்குன்னு ஒரு கிண்ணம் கஞ்சி தாத்தா தனியா ஊத்தி வைப்பார். ஏன் கேக்குற?"

"சும்மா."

பிப்ரவரி 24

ரயிலில் வயதானவர் யார் ஏறினாலும் அப்பா ஊர், குலம், பாட்டன் பெயர் என்று விசாரிப்பார். "இவருக்கு வாய் சும்மா இருக்காது" என்று அம்மா கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ரயில் வேலைக்குப் போன இந்த இருபத்திரண்டு வருடமாக அப்பா விசாரித்துக்கொண்டே இருக்கிறார். விடை என் மேசையில் கிடக்கிறது.

எனக்கு அவன் வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. கடவுளே, நான் ஏன் வாயைத் திறந்தேன்?

பிப்ரவரி 26

குறிப்பேட்டை அப்பா கையில் கொடுத்தேன். பின்னட்டையை மட்டும் திருப்பிக் காட்டினேன். நிலையத்தில் தொலைந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன்.

ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என்னைத்தான் பார்த்தார். "மன்னிச்சுக்கோம்மா. சின்ன வயசுலயே உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கணும்." அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் முறை. அவர் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

சாயங்காலம் யெர்னாரிடம் சொன்னேன். "அப்படின்னா நான் உனக்கு..." என்று ஆரம்பித்தான். பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

மார்ச் 8

பெண்கள் தினம். யெர்னார் பூ தரவில்லை. தராததுதான் சரி. வலிக்கிறது.

மார்ச் 22, சனி

நவ்ரூஸ். யெர்னாரின் தாத்தா வீட்டுக்கு எல்லோரும் போனோம். கூடம் நிறைய ஆட்கள். கடைசியாக அந்தத் தனிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். தாத்தா அதை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். "குடிடா தம்பி, ஆறிப் போயிடுச்சு." அப்பா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தாத்தா என்னைக் கூப்பிட்டார். "எங்க, உன் ஏழு பேரையும் சொல்லு கண்ணு, கேப்போம்."

எழுந்து நின்றேன். துரார், காசென், மாதி, ஷோக்பர், எலெமெஸ், தாய்தெலி. ஏழாவதும் எனக்குத் தெரியும், பின்னட்டையில் எத்தனை முறை படித்த கிறுக்கல். ஆனால் வாயில் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த யெர்னார் தலையைத் தூக்காமல் எனக்காகச் சொன்னான்.

"போரிபாய்."