உயிரோடிருந்தவருக்கு ஓதிய பாத்தியா

என் பிரியத்துக்குரிய அத்தா,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஈரான் சிநேகிதர் பர்வேஸ் சாகவில்லை. தொப்பையும் வழுக்கையுமாக, போன வெள்ளிக்கிழமை நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை காலம் சும்மா இருந்த மனுசன் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது அத்தா. நீங்கள் சுமந்த பாரத்தை எங்களிடம் விட்டுவிட்டல்லவா போயிருந்தீர்கள்.

தெஹ்ரானில் நீங்கள் ஒரு கம்பெனியில் லாரி மெக்கானிக். பர்வேஸ், மன்னரின் அரண்மனைக் காவல்படையில் டிரைவர். வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர் உங்கள் கறிக்குழம்பில் மயங்கி, வாராவாரம் வர ஆரம்பித்தார். அப்புறம் எழுபத்தொன்பதாம் வருஷம் புரட்சி வந்தது. மன்னர் விமானம் ஏறிப் போனார். ஜனங்கள் தெருவில் கார் ஹாரன் அடித்துக்கொண்டு, நோட்டில் இருந்த மன்னரின் முகத்தைக் கிழித்துக்கொண்டு ஆடினார்கள். இஸ்லாமிய மார்க்கத்தின் ஆட்சி வரப்போகிறது என்று நீங்களும்தான் சந்தோஷப்பட்டீர்கள். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

காவல்படை கலைந்த அன்று பர்வேஸ் சீருடையோடு உங்கள் அறைக்கு ஓடிவந்தார். நீங்கள் உங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்தீர்கள். அதோடு நிறுத்தினீர்களா? யோசனையும் சொன்னீர்கள். அங்கே பாரசீகத்தில் சொன்னதை எங்களிடம் நம் ஊர்ப் பேச்சில்தான் சொல்வீர்கள்: “பயப்படாதீக. வந்திருக்கிறவுக அஞ்சு வேளை தொழுகிற மனுசங்க. நேராப் போயி, நான் வெறும் டிரைவருதான்னு சொல்லுங்க. விட்டுருவாக.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டொரு நாளில், போய்ச் சரணடைந்த காவல்படைக்காரர்கள் பலரைச் சுட்டுவிட்டதாக உங்கள் காதில் விழுந்தது. பர்வேஸும் அதில் ஒருவர் என்றே நம்பி, நீங்கள் ஒற்றைப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தீர்கள். அதன்பிறகு வெளியாள் யாராவது அந்த நாட்டு ஆட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். “தொழுகிறவுக கொல்ல மாட்டாகன்னு நாந்தானம்மா சொன்னேன்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள்.

அதனால்தானே அவர் ஆன்மாவுக்காக வருஷா வருஷம் அந்தப் பாத்தியா ஓதவைத்தீர்கள். அம்மா நெய்ச்சோறு ஆக்குவாள். ஓத வரும் பள்ளிவாசல் லெப்பை, “மவுத்தானவுக அத்தா பேரு என்ன?” என்பார். “தெரியாது, ஓதுங்க,” என்பீர்கள். நீங்கள் போன பிறகும் நாங்கள் விடவில்லை. உங்கள் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்தே ஓதினோம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரம். கேரளா நம்பர் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. “ஈரான் மெக்கானிக்கின்டெ வீடு இதல்லே?” என்று ஊருக்குள் விசாரித்து வந்த டிரைவர் மலையாளத்தில் கேட்டார். பின்னால் ஒரு பெரியவரும் அவர் மகளும். அவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்களாம். தேக்கடி பார்க்க வந்த இடத்தில், கீழே இறங்கினால் உத்தமபாளையம் என்று தெரிந்ததும் இவர் காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். ஊர்ப்பெயரை அவர் மறக்கவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி, “இருக்கிறாரா?” என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் மவுத்தாகிவிட்டதைச் சொன்னேன். அதன்பிறகுதான் தன் பெயரைச் சொன்னார்.

அம்மாவுக்குச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “யா அல்லா! உசுரோட இருக்கிற மனுசனுக்கா இத்தன வருசமா பாத்தியா ஓதுனோம்? அந்த நெய்ச்சோத்து நன்மையெல்லாம் அப்ப யாருக்குப் போச்சு?”

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பர்வேஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்தார். அம்மா ஓடைப்பட்டித் திராட்சையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். பர்வேஸ் சாப்பிட்டுவிட்டு, ஈரானில் எங்கள் ஊர்ப் பழம் இன்னும் பெரிசு என்றார். இதே பேச்சை உங்கள் வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

அப்புறம் நான் கேட்டேவிட்டேன். “எங்க அத்தா சொன்னபடி நீங்கள் போய்ச் சரணடைந்தீர்களா?”

அவர் தன் மகளிடம் பாரசீகத்தில் என்னவோ சொன்னார். அவள் எனக்கு இங்கிலீஷில் சொன்னாள். “உன் அப்பா எனக்குச் சட்டையும் கொடுத்தார், யோசனையும் கொடுத்தார். சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.”

அந்தச் சட்டையோடு லாரி மாறி லாரி ஏறி, எல்லை தாண்டித் துருக்கிக்குப் போயிருக்கிறார். சீருடையில் இருந்திருந்தால் முதல் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாராம். மன்னர் போனதற்குத் தான் அழவில்லை என்றார். வந்தவர்களை நம்பவும் இல்லை. உங்களை மட்டும்தான் நம்பினாராம், அதிலும் பாதி.

அண்ணன் அவரைக் கபருஸ்தானில் நீங்கள் அடங்கியிருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். நாங்கள் பெண்கள் வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து வந்த அண்ணனிடம், “என்னண்ணே, ஓதுனாகளா?” என்று கேட்டேன்.

“ஓதுனாக. அப்புறம் அங்கனயே உக்காந்து அத்தாவ வையிறது மாதிரி சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இனிமேல் பாத்தியா உங்கள் பெயருக்கு மட்டும்தான் அத்தா. அவருக்கு அல்லா இன்னும் ஆயுசைக் கொடுக்கட்டும். யார் என்னிடம் கேட்டாலும், எங்க அத்தா சொன்ன யோசனை தப்பு, ஆனால் அவர் ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன், இது சத்தியம். அந்த மனுசனை நீங்கள் கொல்லவில்லை. இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள்.

என்றும் உங்கள் மூத்த மகள்,
சபூரா