கண்ணாடிப் பெட்டியில் பெரியவர்

அன்புள்ள நொயெல்லாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாமா வீட்டாரும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், அங்கே துலூஸில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை, இருந்தாலும் பெற்றவள் ஆயிற்றே, கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, கிழங்கைக் குறைக்கச் சொல்லி நர்ஸ் திட்டுகிறாள். அப்பா படகுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று பாதியில் விட்டுவிட்டுத் தூங்குகிறார். அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

உன் சித்தப்பா மகன் கில்டாஸ் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். வாயில் மீனை வைத்துக்கொண்டே, "பெரியம்மா, நொயெல்லாவோட பல்லி எவ்ளோ குண்டாயிருச்சு தெரியுமா, பெட்டிக்குள்ள ராஜா மாதிரி இருக்கு" என்றான். எந்தப் பல்லிடா என்றேன். போனை நீட்டினான். கண்ணுக்கு மேலே முள்முள்ளாய் இமை, தலையிலிருந்து முதுகு வரை கொண்டை, வால் இல்லை. நம் பெரியவர்! நாங்கள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத, என் பிறந்த வீட்டுக் குலத்துக்கே மூதாதையான பெரியவர், கண்ணாடிப் பெட்டியில், பிளாஸ்டிக் இலைக்கு நடுவில். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பையன் பாவம், தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. போன வருஷம் முழுக்க நீ போன் செய்யும்போதெல்லாம், "அம்மா, பெரியவர் இந்த மாசம் என்ன சாப்பிடுவாரு, எந்தப் பழம், எந்தப் பூ, பூச்சின்னா எவ்ளோ பெருசு" என்று கேட்டாயே, நான் எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா? நம் ஊரில் ஒரு பெண் தாய்வழிப் பெரியவரைப் பற்றி வாய் திறந்து கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? வீட்டுக்குத் திரும்ப மனசு வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அத்தியிலிருந்து தாழம்பழம் வரை, பூத்தேனிலிருந்து விட்டில் வரை, எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். நீ அங்கே கடைத்தெருவில் வாங்கிய பிராணிக்குத் தீனிக் கணக்கு கேட்டிருக்கிறாய்!

நான் மட்டும் ஏமாந்திருந்தால் போகிறது என்று விடுவேன். மாமாவிடம் போய்ப் பெருமை அடித்தேனே, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல? அன்செல்ம் மாமா லேசில் கலங்குகிற ஆளா? "பாத்தியா தங்கச்சி, எங்க போனாலும் நம்ம ரத்தம் கேக்குது பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தோட்டத்தில் முதல் வரிசையில் உன் பெயரைச் சொல்லிக் கிழங்கு நட்டார். கொடி இப்போது கம்பு உச்சிக்கு ஏறிவிட்டது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் "இது என் மருமவளோடது, வந்து அவளே தோண்டுவா" என்று காட்டுகிறார். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், சுற்றிக்கொண்டு கடற்கரை வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறேன்.

கில்டாஸ் படம் காட்டிய அன்றைக்கே நான் போனில் கேட்டதற்கு நீ சிரித்தாய். "ஐயோ அம்மா, அது பிரான்சுலயே முட்டையிலேருந்து வந்ததும்மா, நம்ம காட்டக் கண்ணாலகூடப் பாத்ததில்ல" என்றாய். நீகூடத்தான் நம் தீவில் இல்லாமல் தலைநகர் நூமெயா ஆஸ்பத்திரியில் பிறந்தாய், அதனால் நீ என் மகள் இல்லை என்று ஆகிவிடுமா?

என் கோபம் உன்மேல்தான், அவர்மேல் இல்லை. அதனால் இதைக் கவனமாகப் படி. அந்தப் படத்தில் அவர் தாடை தொங்கினாற்போல் இருக்கிறது. தினமும் வாழைப்பழம்தான் போடுகிறாயாமே? வாழைப்பழம் அவருக்கு எப்போதாவது வாய்க்கிற ருசி, அதையே வேளைச் சாப்பாடாக்க நான் எப்போதடி சொன்னேன்? எலும்பு இளகிவிடும். கில்டாஸ் சொன்னான், பழமும் சத்தும் சேர்த்த மாவு அங்கே விற்கிறதாம், தண்ணீரில் குழைத்து வைத்தால் போதுமாம். அதை வாங்கு. குழந்தைக்கு ஊட்டுகிற பழக்கூழ் டப்பாவையெல்லாம் தொடாதே. சின்ன வெட்டுக்கிளி கொடுத்தால் அவர் இரு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடு. பொழுது சாய்ந்ததும் வை, மீந்ததைக் காலையில் எடுத்துவிடு. இலையில் தண்ணீர் தெளி, துளியை நக்கித்தான் குடிப்பார். முதலில் ஒரு மிருக வைத்தியரிடம் தாடையைக் காட்டு.

மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்கும்போது முன்னால் வைக்கிற துணியை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். உனக்காக எத்தனையோ வீட்டு வாசலில் தலை குனிந்து பேசியிருக்கிறேன், இதற்கு மாட்டேன். கிழங்கு தோண்டுகிற சமயத்துக்கு நீ வந்து அந்தத் துணியை அவர் முன்னால் வைத்து உன் வாயால் சொல்.

நோய் நொடி இல்லாமல் இரு, கன்னி மாதா உனக்குத் துணை இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. வாழைப்பழத்தை இன்றே நிறுத்து.

இன்னொன்று. அவர் சாப்பிட்டாரா, என்ன சாப்பிடுவார் என்று ஒரு வருஷமாகக் கேட்டாய். அடுத்த தடவை போன் எடுத்தால், அம்மா நீ சாப்பிட்டியா என்று ஒரே ஒரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஃபிர்மின்