புவாயான் என்று நீங்கள் சொன்னது

பதினான்கு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட நான் பேர் சொல்லிக் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

நேற்று, நீங்கள் மரத்தில் கட்டிப் படுக்கிற உங்கள் பச்சைத் துணியை வீட்டில் கட்டினேன். நான்தான் கட்டினேன், வேறு யாருமில்லை. பாக்கார் ஆராங்கில் இருக்கும் நம் வீட்டின் முன்பக்கம், கார் நிறுத்தும் இடத்தில், ஒரு முனை தூணில், மறு முனை ஜன்னல் கம்பியில். நமக்குக் கார் ஏது? அந்த இடம் சும்மாதான் கிடக்கிறது. உங்கள் மோட்டார் சைக்கிளையும் உங்கள் தம்பி எடுத்துப் போய்விட்டார்.

உங்கள் கூட்டாளி ராமையா அண்ணன் போன வாரம் வந்திருந்தார். பீடோங் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை போடுகிறார்களாம். தேத்தண்ணி குடித்தார், உங்கள் படத்தைப் பார்த்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் பேசியது வானொலியோடுதான்.

அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவில்தானே முதன்முதலில் அந்தத் துணியைக் கட்டினீர்கள்? சுங்கை பட்டாணியில் பட்டாளத்துச் சாமான் விற்கிறவனிடம் வாங்கி வந்து, மரத்துக்கு மரம் அளந்து கயிறு வெட்டி, இரண்டு பக்கமும் வளையம் போட்டு வைத்தீர்கள். தோட்டத்தில் எந்த வரிசையில் மாட்டினாலும் கச்சிதமாக நின்றது. பெரிய இன்ஜினியர் மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். பிறகு அதே கயிற்றோடு ராமையா அண்ணனும் நீங்களும் ஜெராய் மலையடி ஆற்றங்கரைக்குப் போய், மறுநாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். அங்கே மரங்கள் கிட்டக் கிட்ட நின்றதில் துணி மூட்டையாகத் தொங்கி, உங்களை இறால் மாதிரி மடித்துப் போட்டுவிட்டது. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

“தோட்டத்துல நட்டவன் அளந்து நட்டான்லா. காட்டுல யாரு அளந்தா?” என்றீர்கள்.

அதற்கப்புறம்தான் அந்த மேல் கயிறு. துணியின் தலைமாட்டு முனையிலிருந்து கால்மாட்டு முனைக்கு, படுப்பவர் முகத்துக்கு மேலே நேராக ஒரு கயிறு, துணியின் நீளத்தைவிடக் குட்டையாக. மரங்கள் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும், துணி எவ்வளவு குழிய வேண்டும் என்பதை அந்தக் கயிறு பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு முகடு மாதிரி என்று சொல்லி, முகட்டுக் கயிறு என்று நீங்களே பேரும் வைத்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும், லயத்து வீட்டு முன்தூண்களில் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“லூர்து, நீ கொஞ்சம் படு. நான் வெளியே நின்னு கயித்தைப் பாக்குறேன். ஒருத்தர் படுத்து ஒருத்தர் பாத்தாத்தான் முடிச்சு எங்க வரணும்னு தெரியும்.”

“இந்தத் தூளியை முதல்ல அவுருங்க,” என்றேன். “வெறுந்தூளி ஆடுனா அந்த வீட்டுல பிள்ளை தங்காதும்பாங்க. நமக்கு ஏற்கெனவே இல்லை. இதுல நான் வேற ஏறிப் படுத்து லயமே பாத்துச் சிரிக்கணுமா?”

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். பக்கத்து வீட்டுச் சேலைத் தூளிகளைத் தலை குனிந்து தாண்டிப் போகப் பழகியிருந்தேன். நீங்கள் கயிற்றை அவிழ்த்தீர்கள். துணியைச் சுருட்டினீர்கள்.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னீர்கள்: “அது தூளி இல்லே, லூர்து. புவாயான். அது வேறலா.”

பசாரில் மீன் கேட்டு வாங்குகிற அளவுதான் என் மலாய். ஏதோ பட்டாளத்துச் சொல் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நீங்கள் தூளி என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. “புவாயானை வெயிலில் போடு”, “புவாயானில் எலி கடித்துவிட்டதா பார்.” எனக்கும் அது புவாயான் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் கட்ட விடவில்லை. ரப்பர் மரத்தடியில் நீங்களே படுத்து, நீங்களே இறங்கி, முடிச்சை விரலளவு நகர்த்தி, மறுபடி ஏறிப் படுத்துப் பார்ப்பீர்கள். அடுப்பங்கரை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பேன். எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசுவீர்கள்: “விரலால கிள்ளினா லேசா வளையணும். கம்பி மாதிரி விறைச்சு நின்னா மரத்துக் கயித்தை ஓவரா இழுத்துட்டோம்னு அர்த்தம்.”

கிலாங்கில், அதுதான் தொழிற்சாலையில், வேலை கிடைத்து இந்த வீட்டுக்கு வந்தோம். மரமே இல்லாத ஊரில் அது அலமாரிக்கு மேலே போய்விட்டது. பிறகு உங்கள் நெஞ்சு வலி. அதை நான் எழுத மாட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு ரொக்கியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். கூடத்தில் சுருள்கம்பி வைத்துத் துணியில் குழந்தையைத் தொங்கவிட்டிருந்தாள். சமையல்கட்டிலிருந்து, “காக், தோலோங் புவாயான் தூ,” என்றாள். அக்கா, கொஞ்சம் உதவி என்பது வரை புரிந்தது, இந்த வீட்டில் ஏது புவாயான் என்றுதான் புரியவில்லை. என்ன என்று கேட்டேன். அவள் வந்து குழந்தை கிடந்த தூளியைத் தொட்டு, “இனிலா, புவாயான்,” இதுதான் என்று ஆட்டிவிட்டாள்.

குழந்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களோடு விடிய விடிய மலாயில் கதையடிக்கிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கு வலிக்கும் சொல்லை எனக்குத் தெரியாத பாஷையில் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். என் மனசு நோகக் கூடாது என்றா? இல்லை, அந்தச் சொல்லை வீட்டில் ஒருவராவது சொல்லிக்கொண்டு இருக்கட்டும் என்றா? ஆசை உங்களுக்கும் இருந்ததுதானே? அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால்தான் நேற்று கட்டினேன். தூணுக்கும் ஜன்னலுக்கும் இடைவெளி குறைவு. தூண் கயிற்றை இழுத்துக் கட்டியதும், முகட்டுக் கயிறு தானே நிமிர்ந்து நின்றது. ஏறிப் படுத்தேன். உங்கள் உயரத்துக்கு வைத்த முடிச்சு, எனக்கு முதுகு வளைந்தது. இறங்கி, முடிச்சை அவிழ்க்கப் போனேன். உங்கள் விரல் கடைசியாக இறுக்கிய முடிச்சு. அவிழ்க்க மனசே வரவில்லை, நகமும் நொந்தது. கடைசியில் அவிழ்த்து, நான்கு விரல் நீட்டிக் கட்டி, மறுபடி படுத்தேன். சரியாக இருக்கிறதா என்று வெளியே நின்று பார்க்க ஆளில்லையே என்று அழுகை வந்தது.

அப்போது சும்மா கையைத் தூக்கினேன். கயிறு விரலில் பட்டது. படுத்தபடியே கிள்ளிப் பார்த்தேன், லேசாக வளைந்தது.

படுத்தவர் கைக்கே எட்டுகிற கயிறு. அதைப் பார்க்க வெளியே ஒருவர் எதற்கு? நீங்கள் எத்தனை முறை ஏறி இறங்கினீர்கள், உங்களுக்குத் தெரியாதா? அன்று உங்களுக்கு முடிச்சு ஒரு பொருட்டே இல்லை. நான் அதில் படுத்திருப்பதை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்குத்தான் லயம் சிரிக்கும் என்று சொல்லி விரட்டினேன்.

இனி நீங்கள் அந்தச் சொல்லை விழுங்க வேண்டாம். நான் தூளி என்றே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து வந்ததும் இங்கேயே கட்டுவேன், யார் பார்த்தாலும் படுப்பேன். நீங்களும் பாருங்கள். ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. இறங்கியதும், வெறுந்தூளி ஆடாமல், நிற்கும்வரை கையால் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

உங்கள் வீட்டுக்காரி,
லூர்து