அமாவாசைப் பாடு

பழவேற்காடு
24.8.1988

அன்புள்ள எலிசபெத் அக்காவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. சென்னைக்குப் போனதும் உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உப்புக்காற்று யாரையும் விடுவதில்லை, நீங்கள் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரையும் விடவில்லை. நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே பொன்னேரிக் கம்ப்யூட்டருக்குப் போன் லைன் கிடைத்தும் மோடம் பேசவில்லை. ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன், பேசிவிட்டது.

இதைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அதில் எழுதினால் மீனவர் சங்கத்தின் மூன்று அலுவலகங்களும் படிக்கும். எனக்குக் கூச்சம்.

பஸ்ஸில் ஏறும்போது, 'பாடு' என்றால் என்ன என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எங்கள் ஏரியில் வலை கட்டும் இடங்கள் ஊருக்குப் பொது. நல்ல இடத்தில் ஒருவரே தினமும் கட்ட முடியாது. இன்று ஒரு வலைக்காரர் கூட்டம், நாளை வேறு கூட்டம் என்று முறை சுற்றிவரும். அந்த முறைதான் பாடு. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் அவர் வலை கட்டமாட்டார். விட்ட பாட்டுக்கு ஈடாகப் பஞ்சாயத்தார் வேறொரு நாளை மாற்றிக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் அம்மன் கோயிலில் வாயால் சொல்வார்கள். இப்போது நான் சங்கக் கதவில் ஒட்டுகிற காகிதத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெயர்கள் இங்கிலீஷில் வருவதால் பக்கத்தில் பேனாவால் தமிழில் எழுதுகிறேன். அதே பெயர்ப்படி பொன்னேரிக் கிடங்கிலிருந்து ஐஸ் பெட்டி வருகிறது.

நைனாவுக்கு ஒரே பெருமை. "எம் பொண்ணு காயிதம் ஒட்னாதான் ஊரே தொழிலுக்குப் போவுது"ன்னு டீக்கடையில் சொல்கிறாராம்.

உங்கள்
கஸ்தூரி

சென்னை
29.8.1988

பிரியமுள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை விடுதித் தோழிகளுக்கும் படித்துக் காட்டினேன். அழிரப்பர் வைத்தியத்தை எங்கள் மேனேஜரிடம் சொன்னேன், சிரித்தார். வேலை முடிந்ததும் மோடத்தைத் துணி போட்டு மூடி வை.

அக்டோபரில் இந்தக் கம்ப்யூட்டர் திட்டத்துக்குத் திறப்பு விழா. உங்கள் ஊரில் நான் எழுதிய புரோகிராம் ஓடினால் நாகப்பட்டினம் வரை இதையே வைப்பார்கள். என்னையும் வேலையில் நிரந்தரமாக்குவார்கள். அதனால் பழவேற்காட்டைப் பற்றித்தான் இரவும் பகலும் எனக்குக் கவலை.

ஒன்றை நினைவில் வை. ஒரே பட்டியலை நீயும் பொன்னேரி ஐஸ் கிடங்கில் மீரானும் திருத்தலாம். இரவு லைன் கிடைத்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, தேதி பிந்தியது எதுவோ அதைத்தான் புரோகிராம் வைத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டர் காட்டுவதை நம்பு. கடைசியாக வந்ததுதான் சரி.

நைனாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
எலிசபெத்

பழவேற்காடு
12.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அமாவாசையில் நீரோட்டம் வேகமாக இருக்கும், இறால் நன்றாக விழும். முகத்துவாரப் பக்கத்துப் பாடு அன்றைக்கு யாருக்கு வருகிறதோ அவர்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவலையில்லை. இந்த அமாவாசை நைனாவின் கூட்டத்துக்கு வந்திருந்தது. ஆனால் போன மாதம் இன்னொரு கூட்டத்துத் தருமலிங்கத்தின் தாயார் இறந்து, அவர் பாடு போயிற்று. பஞ்சாயத்தார் இந்த நாளை அவருக்கு மாற்றினார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் நான்தான் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதினேன். நைனாவிடமும் சொன்னேன். முகம் வாடினாலும், "தாய் செத்தவன். குடுத்துட்டுப் போவட்டும்" என்றார்.

அன்று இரவு கம்ப்யூட்டர் பொன்னேரியோடு பேசி முடித்துக் காகிதம் வந்தது. அதில் மறுபடி நைனா பெயர். நான் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். அன்று பஞ்சாயத்தார் ஒருவர் ஐஸ் விஷயமாகப் பொன்னேரிக்குப் போயிருந்தார். அவர் அங்கே சொல்லி மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். கடைசியாக வந்ததுதான் சரி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒட்டிவிட்டேன்.

விடிகாலையில் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் வலையோடு நின்றன.

"எங்கம்மா தீட்டுக்கு நான் வுட்ட பாடு. உம் பொண்ணு கையால அதை வாரிக்கினு போறியா?" என்று தருமலிங்கம் கேட்டாராம்.

"காயிதம் பாத்துதான்டா வந்தேன். நான் இன்னா திருடனா?"

"காயிதம் யாரு எழுதுனது?"

அடிதடியில் தருமலிங்கத்தின் வலை கிழிந்தது. பஞ்சாயத்தார் நைனாவின் பாட்டை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பௌர்ணமியன்று பஞ்சாயத்துக் கூட்டம். நான் வேண்டுமென்றே மாற்றினேன் என்று முடிவானால் இந்த வருடம் முழுக்க அவருக்குப் பாடு இல்லை. குழாயடியில் என்னைப் பார்த்து, "இன்னா கஸ்தூரி, அடுத்த அமாவாசைக்கு எங்க ஊட்டுக்காரர் பேரையும் எழுதிடு" என்கிறார்கள்.

நான் மாற்றியது எங்கே போயிற்று? உடனே எழுதுங்கள்.

கஸ்தூரி

சென்னை
15.9.1988

பிரியமுள்ள கஸ்தூரிக்கு,

பயப்படாதே. புரோகிராமை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். இங்கே தவறு வரவில்லை. திருத்தியதும் சேமிக்க மறந்திருப்பாய். இல்லையென்றால் பொன்னேரி கம்ப்யூட்டரைப் பார். அன்று மீரான் அந்தப் பட்டியலைத் தொட்டாரா, எத்தனை மணிக்குத் தொட்டார் என்று கேள்.

அதுவரை இதைப் பற்றி மெஷினில் ஒரு வரிகூட எழுதாதே. தலைமை அலுவலகத்தில் படிப்பார்கள்.

எலிசபெத்

பழவேற்காடு
18.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

பொன்னேரிக்குப் போய்வந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தேதி கேட்கும் அல்லவா? மீரான் பாய் மறுநாள் தேதியைப் போட்டிருக்கிறார். "ஏன் பாய்?" என்று கேட்டதற்கு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"விளக்கு வச்சிட்டா நமக்கு மறுநாள்தானேம்மா? ராத்திரி ஏத்துற ஐஸ் காலையிலதான் ஊருக்கு வருது. இன்னைத் தேதி போட்டா கணக்கு உதைக்கும்."

ஐஸ் கிடங்கில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம். அவரிடம் இருந்தது பழைய பட்டியல். அதில் ஐஸ் பெட்டிகளை மட்டும் ஏற்றிச் சேமித்தார். நாளைய தேதி விழுந்ததால் புரோகிராம் அதைப் புதியது என்று எடுத்துக்கொண்டு என் திருத்தத்தை அழித்துவிட்டது. அவர் எதிரிலேயே செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே நடக்கிறது.

மீரான் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவர் மேல் தப்பில்லை. கேட்கவேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒரே ஓர் உதவி செய்யுங்கள் அக்கா. இது புரோகிராமில் நேர்ந்தது, கஸ்தூரி மாற்றவில்லை என்று கையெழுத்திட்டு நான்கு வரி பஞ்சாயத்தாருக்கு எழுதுங்கள். நேரில் வந்தால் இன்னும் நல்லது. புரோகிராமை எழுதியவரே சொன்னால் நம்புவார்கள். நான் நைனாவின் மகள், என் பேச்சு எடுபடாது. நைனா வலையை வெளியில்கூட எடுப்பதில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள்
கஸ்தூரி

சென்னை
22.9.1988

பிரியமுள்ள கஸ்தூரிக்கு,

நீ கண்டுபிடித்தது சரி. மேனேஜரிடம் சொன்னேன். விழா முடியும்வரை புரோகிராமில் பிழை என்று எந்தத் தாளும் வெளியே போகக் கூடாது என்கிறார். போனால் நாகப்பட்டினம் வரை எல்லாம் நின்றுவிடும், என் வேலையும் போகும். என் தம்பிகளின் படிப்பு என் சம்பளத்தில்தான் நடக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

தோழியாகச் சொல்கிறேன். கை தவறி அடித்துவிட்டேன் என்று நீயே ஒப்புக்கொள். சின்னப் பெண், புது வேலை, மன்னித்துவிடுவார்கள். விழா முடிந்ததும் உனக்கு இங்கேயே வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன். என் அறையிலேயே தங்கலாம். அந்த ஊர்ப் பேச்செல்லாம் உன் காதில் விழாது.

கூட்டத்துக்கு என்னால் வரமுடியாது. கோபித்துக்கொள்ளாதே.

உன்
எலிசபெத்

பழவேற்காடு
27.9.1988

செல்வி எலிசபெத் அவர்களுக்கு,

வணக்கம். பௌர்ணமிக் கூட்டம் நடந்தது.

எங்கள் ஊரில் பெண்கள் கூட்டத்துக்கு வெளியேதான் நிற்பார்கள். என் பெயரைச் சொன்னதும் உள்ளே போனேன். கை தவறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் கை தவறி நைனாவுக்கே அமாவாசைப் பாடு விழுந்தது என்றால் இந்த ஊரில் குழந்தைகூட நம்பாது. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். குரல் எழும்பவில்லை. "ரேடியோவ கொஞ்சம் சத்தமா வைம்மா" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு அடங்கியபின் சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப பொட்டி பொய் சொல்லுது?" என்று ஒருவர் கேட்டார்.

"பொய் சொல்லல மாமா. மீரான் பாய் நாளைக்குன்னு சொன்னாரு, அது நம்பிடுச்சி. அது நம்புனத நானும் நம்பிட்டேன்."

"பொட்டிய செஞ்சவங்க எங்க? அவங்க வந்து சொல்லட்டும்."

"அவங்க வரல. அதான் நான் சொல்றேன்."

மீரான் பாய் கிடங்கைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்திருந்தார். தான் போட்ட தேதியைத் தானே சொன்னார். தருமலிங்கம் எழுந்து, "வலைய தைச்சிக் குடுக்கச் சொல்லு, போதும்" என்றார். நைனாவுக்குப் பாடு திரும்பக் கிடைத்தது. அடுத்த அமாவாசை தருமலிங்கத்துக்கு. பாடு முறையை இனிமேல் கோயிலில் வாயால்தான் சொல்வார்கள். என் காகிதம் ஐஸுக்கு மட்டும். அதுவே சரி என்று எனக்கும் தோன்றுகிறது.

புரோகிராமில் செய்யவேண்டிய திருத்தம்: இரண்டு அலுவலகங்களின் தேதி ஒத்துப்போகாவிட்டால் அது எதையும் அழிக்கக் கூடாது. நிறுத்தி, எது சரி என்று எங்களைக் கேட்கவேண்டும். இதைச் செய்யாமல் மற்ற ஊர்களில் வைத்தால் அங்கேயும் யாருடைய வலையாவது கிழியும்.

சென்னை வேலைக்கு நான் வரவில்லை.

இதுவரை உங்கள் விடுதி முகவரிக்கே எழுதிவந்தேன். இந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். மேனேஜர் பார்த்தபின், அலுவலகப் பதிவேட்டில் இந்தக் கடிதத்துக்கு இட்ட எண்ணைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு
ச. கஸ்தூரி
கம்ப்யூட்டர் ஆபரேட்டர்
பழவேற்காடு