பத்து பத்துக்குப் போன கரண்ட்

மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நம் பழைய ரேடியோ லாக் நோட்டு கிடக்கிறது. திறந்ததும் புளியங்கொட்டைப் பசை வாடை வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் வாடை இருக்குமா என்று கேட்காதே, இருந்தது. உன் சட்டையில், உன் விரலில், நீ பிடித்த சோல்டரிங் கைப்பிடியில் எல்லாம் இருந்த அதே வாடை. பயந்துபோய் மூடிவிட்டேன். மறுபடி திறக்க மூன்று நாள் ஆயிற்று.

நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தது உன் மகள் மீனா. நீ கண்ணை மூடி ஒரு மாதம் கழித்து, ஒரு கட்டைப்பையில் கம்பிச்சுருள், மோர்ஸ் கீ, பழைய வால்வுகளோடு வந்தாள். "ரேடியோ சாமான்லாம் உங்களுக்குத்தான மாமா. எங்களுக்கு இன்னா தெரியும்" என்றாள். அவளுக்கு டீ போடச் சொன்னேன். அவள் போகும்வரை என் கண் அந்தப் பையின் அடியில் தெரிந்த நீல அட்டை நோட்டின் மேலேயே இருந்தது. அது எந்த வருஷத்து நோட்டு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

இப்போதெல்லாம் ரேடியோவில் நான் எஃப்.டி.எட்டு என்கிற டிஜிட்டல் முறையில்தான் பேசுகிறேன். பேசுகிறேன் என்பதே தப்பு. கம்ப்யூட்டர் பதினைந்து விநாடி அனுப்புகிறது, பதினைந்து விநாடி கேட்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்கிறேன். எதிர்முனையில் இருக்கிற ஆள் "எல்லாம் கிடைத்தது" என்று பதில் அனுப்பினால் ஒரு சின்ன ஜன்னல் திறந்து "லாக்கில் பதியவா?" என்று கேட்கும். அந்தப் பதில் வராமல் சிக்னல் அறுந்தால் கேட்காது. முக்கால்வாசி வந்ததே என்று கெஞ்சினாலும் கேட்காது. உனக்கு மிகவும் பிடித்திருக்கும். நான்தான் பதிந்த பிறகும் பதிந்ததா பதிந்ததா என்று மூன்று தடவை பார்க்கிறேன். வாசல் வரை போய்விட்டு கேஸை மூடினேனா என்று திரும்பி வருகிற ஆள் அல்லவா நான்.

நம் இரண்டு பேருக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது, செட் ஒன்றுதான். உன் வீட்டு மாடி அறையில் இருந்தது. ஏரியல் கம்பியின் ஒரு முனை உன் தென்னை மரத்தில், மறுமுனை நான் எலக்ட்ரீஷியனாக இருந்த ரைஸ் மில்லின் கூரையில். மின்னலை ஊருக்குள் இழுக்கப் போகிறோம் என்று உன் தெருவே நம்மைத் திட்டியது. செட் ஒன்று என்பதால் நோட்டும் ஒன்று. தேதி, நேரம், யாரோடு பேசினோம், நாம் சொன்னது, அவர் சொன்னது, குறிப்பு என்று கோடு போட்ட கட்டங்கள். நான் செட்டில் உட்காரும் நாளில் நான் எழுதுவேன். நீ சாயங்காலம் வேலை முடிந்து வந்து முதலில் நோட்டைத்தான் பார்ப்பாய், அப்புறம்தான் கை கால் கழுவுவாய். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் அன்றைய தேதி போட்டுச் சுருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். அது அரசாங்கத்தின் சட்டமோ இல்லையோ, உன் சட்டம்.

உன் தொழில் அப்படி. தறிக்கு டிசைன் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுகிறவன் நீ. டிசைன் வரைந்த கட்டக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவாய். ஒரு ஓட்டை தப்பினால் போதும், தறியில் ஏறிய பிறகு பார்டரில் இருக்கும் மாங்காய் ஒவ்வொன்றுக்கும் மூக்கு கோணிவிடும். "ஓட்டை இருக்கு, இல்லாங்காட்டி இல்ல. ரெண்டுல ஒன்னுதான்டா. தறிக்கு நடுவாந்திரம்லாம் தெரியாது" என்பாய். தப்பாக ஓட்டை விழுந்த அட்டையை நீ தூக்கி எறியமாட்டாய். துண்டு அட்டை ஒன்றை நகமளவு வெட்டி, பசை தடவி, ஓட்டையை மூடி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பாய். பிடித்துக்கொண்டே பேசுவாய்.

நான் கட்டங்களைக் காலியாக விடமாட்டேன், அது என் வியாதி. சரியாகக் கேட்காத சிக்னல் எண்ணைக்கூட உத்தேசமாக எழுதி நிரப்பிவிடுவேன். "கேக்கலன்னா வுட்டுடு. கட்டம் காலியா இருந்தா ஒன்னும் அசிங்கம் இல்ல" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அந்தக் கார்த்திகை மாதப் புயல். உன் வீட்டம்மா, எனக்குத் தங்கச்சி முறை, தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தாள். மாற்றல் கேட்டு இரண்டு வருஷமாகக் கிடைக்கவில்லை. மீனா நாலு வயசுக் குழந்தை, அவளோடு அங்கே இருந்தாள். ராத்திரி புயல் அடித்தது, காலையில் தந்தி இல்லை, போன் இல்லை. அன்று சாயங்காலம் செட்டில் ஒருவர் கிடைத்தார். மெட்ராஸிலிருந்து போன நம்மைப் போன்ற ஒரு ரேடியோக்காரர், அந்தப் பக்கத்துத் தாலுகா ஆபீஸில் கார் பேட்டரி வைத்துச் செட் போட்டிருந்தார். ஊர் பேரும் ஆள் பேரும் கொடுத்தோம். நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் பத்துக்கு நீ செட்டில் உட்காரவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டினாய். "நீ கேளுடா. என்னால எழுத முடியாது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி எதுனா வண்டி அந்தாண்ட போவுதான்னு பாக்குறேன்" என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய்.

பத்து மணிக்கு அவர் வந்தார். மழை இரைச்சலில் குரல் புரியவில்லை, மோர்ஸில் அனுப்பச் சொன்னேன். எழுத்து எழுத்தாக வந்தது. ஊர் பேர் வந்தது. தங்கச்சி பேர் வந்தது. நர்ஸ் என்று வந்தது. குழந்தையும் என்று வந்தது. அடுத்த எழுத்துக்குப் பென்சிலைத் தூக்கினேன், செட் அணைந்தது. மில் ஓசையும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

காகிதத்தில் "குழந்தையும்" என்பதோடு நின்ற வரியைப் பார்த்தபடி இருந்தேன். அதற்குப் பிறகு அவர் என்ன அனுப்பினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், கரண்ட் வரவில்லை. குடைகூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

டீக்கடை ரேடியோ ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாய். "இன்னாடா?" என்றாய். அந்த முகத்தை என்ன என்று சொல்வது? வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகவே, "நல்லா இருக்காங்கப்பா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றது. நீ அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாய்.

பொய் சொன்னவனுக்குச் சாட்சி வேண்டும். நீ சாயங்காலம் நோட்டைப் பார்ப்பாய் என்று தெரியும். திரும்பி வந்து எழுதினேன். தொடர்பு ஆரம்பம், முடிவு, குறிப்புக் கட்டத்தில் "செய்தி முழுதும் கிடைத்தது. இருவரும் நலம்." நம் லாக்கில் எழுதுவது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கழிக்க வேண்டும். அந்தப் பதட்டத்திலும் கழித்தேன் பார், சரியாகக் கழித்தேன். முடிந்த நேரம் நம் கணக்கில் பத்து இருபது. இவ்வளவு நீளமான செய்திக்கு இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும் என்று என் புத்தி.

பொழுது சாய்ந்து கரண்ட் வந்தது. எத்தனையோ முறை கூப்பிட்டேன், அவர் கிடைக்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் நீ நோட்டைப் பார்த்திருக்கிறாய். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு காஞ்சிபுரம் போறேன்டா, அட்டை டெலிவரி ஒன்னு இருக்கு. அவதான் நல்லா இருக்காளே, இங்க குந்திகினு இன்னா பண்றது" என்றாய். பொண்டாட்டி பிள்ளை என்ன ஆனார்கள் என்று தெரியாமல் இவன் அட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போகிறானே, நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிப் போகிறானே என்று நினைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாள் நான் தூங்கியதாக நினைவில்லை. மில்லில் ஒரு ஃபியூஸை மாற்றப் போய் ஷாக் அடித்து விழுந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் நீ வந்தாய். ஒரு கையில் மீனா, மறுகையில் தங்கச்சியைத் தாங்கிக்கொண்டு. தங்கச்சியின் வலது கால் முட்டிவரை கட்டு. ஆஸ்பத்திரி ஓடு சரிந்து விழுந்ததாம், புண் புரையோடிவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலையே எடுத்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னாராம். நீ என்னைப் பார்த்தாய். நான் கேட்காமலே சொன்னாய்: "காஞ்சிபுரத்துல பஸ் வுட்டுட்டாங்கன்னு சொன்னாங்க, அப்படியே போயிட்டேன். ரேடியோவுல சொன்னப்ப நல்லாதான் இருந்திருப்பாடா. அப்பறம் செப்டிக் ஆயிருக்கும்."

உடனே பிடித்துக்கொண்டேன் அந்த வார்த்தையை. ஆமாம், அப்புறம்தான் ஆகியிருக்கும் என்றேன். உனக்குத் தெரியாது, நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த நோட்டைத் தொடப் பிடிக்கவில்லை. மில்லில் வேலை அதிகம் என்று மாடிக்கு வருவதைக் குறைத்தேன். பிறகு செய்யாரில் கம்பெனி வேலை கிடைத்தது, கம்பெனி பஸ், ஷிஃப்ட், எனக்கென்று ஒரு செட், எனக்கென்று ஒரு நோட்டு. உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அலமாரியில் அந்த நீல அட்டை தெரியும். ஒரு தடவை எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கலாம். இவனுக்குத் தெரியுமோ, தெரியாதோ என்று நாற்பது வருஷம் என்னை நானே தின்றுகொண்டிருந்தேனே தவிர, பிரிக்கவில்லை.

போன வாரம் பழைய தொடர்புகளை எல்லாம் கம்ப்யூட்டர் லாக்கில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாக அடித்து வந்தேன். இலங்கை, பெங்களூர், ஜப்பான்காரர் ஒருவர். அந்தப் பக்கம் வந்தது.

என் குறிப்புக் கட்டத்தைக் காணோம். அதன்மேல் பழுப்பு நிற ஜக்கார்டு அட்டைத் துண்டு, நகமளவு அகலம், கட்டத்தின் நீளத்துக்குச் சரியாக வெட்டி ஒட்டியிருந்தது. தப்பு ஓட்டையை மூடுவாயே, அதே மாதிரி. அதன் மேல் பென்சிலில் உன் எழுத்து: "கரண்ட் போனது 10.10." பக்கத்தில் உன் சுருக்கக் கையெழுத்து. தேதி, அன்றைய தேதி. நீ காஞ்சிபுரம் போகிறேன் என்று என் வீட்டில் சாப்பிட்ட அன்றைய தேதி.

அந்த டீக்கடை ரேடியோவில்தானே நீ புயல் செய்தி கேட்டுக்கொண்டு நின்றாய். அதுவும் கரண்டில் ஓடுகிற ரேடியோ. அது அணைந்தபோது நீ கையில் இருந்த வாட்சைப் பார்த்திருப்பாய். பார்க்காமல் இருந்தால்தான் அதிசயம். நான் நோட்டில் எழுதி வைத்ததோ பத்து இருபது.

மீனாவுக்குப் போன் போட்டேன். "புயலுக்கப்பறம் அப்பா எத்தனாவது நாள் அங்க வந்து சேந்தாரு, அம்மாவக் கேளும்மா" என்றேன். "இன்னா மாமா இப்ப போயி" என்று சிரித்துவிட்டு, அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள்: "நாலாவது நாள் விடிகாலைலயே வந்துட்டாராம் மாமா. காஞ்சிபுரம்லாம் போகவே இல்ல. சீர்காழியோட பஸ் நின்னுட்டுச்சாம், அங்கேர்ந்து தண்ணில நடந்தே வந்தாராம். அம்மா கேக்குறாங்க, உங்களுக்குத் தெரியாதான்னு."

தெரியாதம்மா என்று வைத்துவிட்டேன்.

நடுவாந்திரம் கிடையாது என்று சொன்னவன் நீ. இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நீ அந்தத் தண்ணீரில் நடந்திருக்கிறாய். போகும் முன் என் எதிரே உட்கார்ந்து, நான் பயப்படக்கூடாது என்று இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். கேட்டிருந்தால் நான் அப்போதும் முழுசாகக் கேட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை அந்த வரியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முடிந்த நேரம் பத்து பத்து, ஐந்தரை மணி கழித்து. "கிடைத்த செய்தி" என்ற கட்டத்தில் எதுவும் போடவில்லை. முழுமையாகாத தொடர்பு, இப்படியே சேமிக்கவா என்று அது கேட்டது. என் விரல் வழக்கம்போல எதையாவது போட்டு நிரப்பப் பார்த்தது. நிரப்பாமல் சேமித்தேன். சேமித்ததா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நீ ஒட்டிய துண்டை நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். அதன் ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. புதுப் பசை தடவி, நீ செய்வதுபோலக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காய்ந்த பிறகு, உன் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் எழுதினேன்: "குழந்தையும் என்பது வரைதான் கேட்டது." இன்றைய தேதி போட்டு, என் கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.