குடிலுக்கு எடுத்த பாசி

டிசம்பர் 9, இரவு

எஸ்டேட் துரையின் பங்களாப் புல்தரை முழுக்கப் பாசி. மழை விட்டால்தானே. "கிறிஸ்மஸுக்கு விருந்தாளிங்க வர்றாங்க, ஒரு பொட்டுப் பாசி இருக்கக் கூடாது" என்று துரை காலையிலேயே சொல்லிவிட்டார். நாள் முழுக்க வாரியால் இழுத்தேன். புல்லும் சேர்ந்தே வந்தது. வரட்டும்.

சைப்ரஸ் மரத்தடியில் மட்டும் பாசி மெத்தை போல இருந்தது. அதை வாரவில்லை. கத்தியால் பாய் பாயாக உரித்து, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வருஷா வருஷம் அப்படித்தான். மகள் ஜெனிட்டா பக்கத்திலேயே நின்று, "உடையாம எடுங்கப்பா, ஆட்டுக்குட்டி நிக்கணும்ல" என்பாள். கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குள் பொம்மைகளுக்கு அடியில் பாசி விரிப்பது அவள் வேலை.

லயத்து வீட்டு வாசலில் அவள் அம்மா மேரி சாக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"யாருக்குங்க இது?"

அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைப் புதைத்த வருஷம் எந்த வீட்டில் குடில் வைப்பார்கள்? கை அது பாட்டுக்கு எடுத்திருக்கிறது.

தூக்கி எறியப் போனேன். மேரி விடவில்லை. சாக்கைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய், பாசி காயாமல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தாள். சோறு தின்னவில்லை. விளக்கை அணைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே இப்போது சொல்கிறாள்:

"அவ மேல வெறும் மண்ணாத்தான் கிடக்கு. காலையில அங்க கொண்டு போயிருவோம். உடையாம தூக்கிட்டு வாங்க."